லாஸ் வேகாஸ் பக்கம் ஏப்ரல் கடைசியில தனியா ஒரு நாள் பறவை பாக்கணும்னா

ஏப்ரல் கடைசி வாரம் ஆபீஸ் வேலையா லாஸ் வேகாஸ் வர்றீங்க, நடுவுல ஒரு நாள் முழுசா ஃப்ரீ, கார் வாடகைக்கு எடுத்துக்குவீங்க, கூட யாரும் வரல, ஊர்ல வேடந்தாங்கல் கோடியக்கரைன்னு பாத்த பழக்கம் இருக்கு, ஆனா இந்தப் பாலைவனத்துல பறவைன்னு என்ன இருக்கப்போகுது, இருந்தா எங்க போறது எப்படிப் போறதுன்னு கேட்டிருக்கீங்க. சுருக்கமா பதில் வேணும்னா, வருஷத்துலயே நல்ல வாரம் ஒண்ணைப் பாத்து வர்றீங்க, ரெண்டு இடம் போதும், காலையில ஹெண்டர்சன் குளங்கள், வெயில் ஏறினதும் கார்ன் க்ரீக். மேப்பை பாத்தா மூணாவதா ஒண்ணு சேத்துக்கலாமேன்னு கை அரிக்கும், சேக்காதீங்க. ஏன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கங்க.

மொஹாவி பாலைவனத்துல இந்தப் பக்கம் வருஷத்துக்கு 10 செண்டிமீட்டர் சொச்சம்தான் மழை. கண்ணுக்கெட்டின தூரம் க்ரியோசோட் புதரும் சரளைக்கல்லும்தான். மெக்சிகோ, மத்திய அமெரிக்கான்னு தெற்க குளிர்காலத்தைக் கழிச்ச சின்னப் பறவைங்க ஏப்ரல் மே மாசத்துல இதுக்கு மேலதான் வடக்க போகணும், அதுவும் பெரும்பாலும் ராத்திரியில. இருட்டினதும் கிளம்பும், விடிய விடிய பறக்கும். வில்சன்ஸ் வார்ப்ளர்னு ஒரு மஞ்சக் குருவி, ஏழெட்டு கிராம்தான் எடை, அது விடியக்காலம் இறங்க இடம் தேடறப்போ கீழ எல்லாமே பழுப்பு, எங்கயோ ஒரு பச்சைத் துண்டு மட்டும் தெரியும். அந்த வட்டாரத்துல பறந்துக்கிட்டிருந்ததுல பெரிய பங்கு அந்தத் துண்டுலதான் வந்து விழும். விழுந்ததும் உடனே கிளம்பாது, கரைஞ்ச கொழுப்பைத் திரும்ப ஏத்தணும், ஒரு நாளும் ஆகலாம் நாலு நாளும் ஆகலாம், சுத்திலும் வேற மரமே இல்லாததால அந்த நாலு மரத்தையே சுத்திச் சுத்தி வரும். பெரிய காட்டுல ஒரு குருவி கண்ணுல படாம போச்சுன்னா போனதுதான், இங்க பத்து நிமிஷம் அசையாம நின்னா திரும்ப அதே கிளைக்கு வரும். பாலைவனமே பறவையை எல்லாம் வாரிக்கிட்டு வந்து உங்க முன்னாடி கொட்டுது, அதை விட்டுட்டு அடுத்த இடம் அடுத்த இடம்னு கார்ல ஓடினா நல்ல நேரம் பூரா ஹைவேலயே போயிரும். கூட நாலு பேர் இருந்தா "இங்க எவ்வளவு நேரம்தான் நிக்கறது, வா போலாம்"னு யாராவது ஒருத்தர் இழுப்பாங்க, நீங்க தனியா வர்றீங்க, அந்தத் தொல்லை இல்ல.

சரி, பாலைவனத்துல தண்ணி எங்கருந்து வருதுன்னு கேப்பீங்க. இயற்கையா ஊத்து இருக்கற இடம் கொஞ்சம், மிச்சம் எல்லாம் நாம கழுவி விட்ட தண்ணிதான். ஹெண்டர்சன் பறவைக் காப்பிடம்னு சொல்றது அந்த ஊர் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தோட குளங்கள், ஒன்பது குளம், 1998-ல ஜனங்க பாக்கறதுக்குன்னு தொறந்து விட்டாங்க. லாஸ் வேகாஸ் பள்ளத்தாக்குல ஹோட்டல் வீடு எல்லாத்துலயும் உள்ளுக்குள்ள பயன்படுத்தின தண்ணி சுத்திகரிச்சு லாஸ் வேகாஸ் வாஷ்னு ஒரு ஓடை வழியா சுமார் 19 கிலோமீட்டர் ஓடி லேக் மீட் ஏரிக்குப் போயிருது, அந்த ஓடையை ஒட்டித்தான் கிளார்க் கவுண்டி வெட்லேண்ட்ஸ் பார்க் இருக்கு. ஊர் வளர வளர ஓடையில தண்ணி கூடி கரையை அரிச்சு சதுப்பெல்லாம் காணாமப் போயிட்டிருந்துச்சு, அப்புறம் குறுக்க குறுக்க தடுப்பணை கட்டி வேகத்தைக் குறைச்சு, நாணலும் வில்லோவும் நட்டுத் திரும்பக் கொண்டுவந்தாங்க. அரிசோனால டூசான் ஊர்ல இருக்கற ஸ்வீட்வாட்டர் வெட்லேண்ட்ஸும் இதே கதைதான். பாட்டில்ல அடைச்ச மலைத்தண்ணி கணக்கா எதையாவது எதிர்பாத்து வந்தா ஏமாந்துருவீங்க, காத்து அந்தப் பக்கம் திரும்புனா லேசா வாடை வரும், பறவைக்கு அதெல்லாம் கவலையே இல்ல, அந்தச் சத்துல வளர்ற பூச்சிப் புழுதான் அதுக்குச் சாப்பாடு.

எந்த வாரம்னு கேட்டா, இந்தப் பக்கம் வசந்த வலசை ஒரே அலையா வராது. வாத்துங்க பிப்ரவரி மார்ச்லயே கிளம்ப ஆரம்பிச்சிரும், தகைவிலான்களும் லூசிஸ் வார்ப்ளரும் மார்ச்ல வந்துரும், கரைப்பறவைங்க அதாவது உள்ளான் வகையறா ஏப்ரல் நடுவுலருந்து மே முதல் வாரம் வரைக்கும் கூட்டமா வரும், மரத்துல நிக்கற குருவிங்க ஏப்ரல் கடைசியிலருந்து மே நடு வரைக்கும். ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழற வாரத்துலதான் நீங்க வர்றீங்க. வில்லோ ஈப்பிடிப்பான் மாதிரி சிலது மே கடைசியில வரும், அதுங்களை இந்தத் தடவை மறந்துருங்க.

உங்க கையில ஒரே நாள்தான் இருக்குன்னாலும் வாரத்துக்குள்ள எந்த நாள்னு தேர்ந்தெடுக்க முடிஞ்சா காத்தைப் பாத்து முடிவு பண்ணுங்க. ராத்திரி வானம் சுத்தமா இருந்து தெற்கத்திக் காத்து அடிச்சா பறவைங்களுக்குக் கொண்டாட்டம், பின்னாடிருந்து தள்ளிவிடும், நம்ம தலைக்கு மேல நிக்காம போயிரும், காலையில போனா மரம் காலியா இருக்கும். நடு ராத்திரியில குளிர் காத்தோ மழையோ வடக்கேருந்து எதிர வந்துச்சுன்னா பறக்க முடியாம அங்கங்க இறங்கிரும், மறுநாள் காலையில அந்தப் பச்சைத் துண்டுல கிளைக்கு ஒண்ணு உக்காந்திருக்கும். டூரிஸ்டுங்க எல்லாம் "சே, இன்னிக்குப் பாத்து குளிருதே"ன்னு திட்டற நாள்தான் நமக்கு. கார்னெல் பல்கலைக்கழகத்துக்காரங்க நடத்தற பேர்ட்காஸ்ட்னு ஒண்ணு இருக்கு, வானிலை ரேடார்லருந்து கணக்கெடுத்து முந்தின ராத்திரி ஒரு கவுண்டிக்கு (நம்ம மாவட்டம் மாதிரி) மேல எத்தனை பறவை போயிருக்கும்னு மதிப்பீடு காட்டும், லாஸ் வேகாஸ் இருக்கற கிளார்க் கவுண்டின்னு போட்டுப் பாருங்க. ஆனா அது சொல்றது மேல போனதைத்தான், கீழ இறங்கினதை இல்ல, நம்பர் பெருசா இருந்துட்டுக் குளத்துல ஒண்ணும் இல்லாத நாளும் உண்டு, அதனால கூடவே காத்துத் திசையையும் பாருங்க.

இப்ப நாளுக்கு வருவோம். வழக்கமா எல்லாரும் சொல்றது, விடியக்காலம் மரத்துக்குப் போ, குருவி அப்பதான் சுறுசுறுப்பா இருக்கும்னு. நான் மாத்திச் சொல்றேன், விடிஞ்சதும் குளத்துக்குப் போங்க. காரணம் கானல். ஏப்ரல் கடைசியில இங்க சூரியன் 5.50 வாக்குல உதிக்கும், ஒன்பது ஒன்பதரைக்கெல்லாம் தரை சூடாகி சேத்து மேல காத்து நடுங்க ஆரம்பிச்சிரும், அதுக்கப்புறம் எவ்வளவு விலை கொடுத்து வாங்கின ஸ்கோப்பா (முக்காலில நிக்க வச்சுப் பாக்கற தொலைநோக்கி) இருந்தாலும் நூறடிக்கு அப்பால நிக்கற உள்ளான் கால் என்ன கலர்னு தெரியாது, எல்லாம் தண்ணிக்குள்ள பாத்தாப்ல நெளியும். மரத்துல இருக்கற குருவிக்கு அந்தப் பிரச்சனை இல்ல, அது பதினஞ்சு அடியில நிக்குது, போக வேற இடமும் கிடையாது, பத்து மணிக்குப் போனாலும் அங்கயேதான் இருக்கும்.

ஹெண்டர்சன்ல நுழைஞ்சதும் எல்லாக் குளத்தையும் ஒரு ரவுண்டு அடிச்சிரலாம்னு கிளம்பாதீங்க. எந்தக் குளத்துல தண்ணியைக் குறைச்சு சேறு தெரியுதோ அதைக் கண்டுபிடிங்க, ஆழமா நிறைஞ்சு கிடக்கற குளத்துல வாத்தும் முக்குளிப்பானும்தான் இருக்கும், உள்ளானுக்குக் கணுக்கால் அளவு தண்ணி வேணும். கண்டுபிடிச்சதும் கிழக்குக் கரைக்குப் போய் சூரியன் உங்க முதுகுல படற மாதிரி உக்காருங்க. நிக்கறதை விட உக்காந்தா நல்லது, வானத்துக்கு எதிர ஆள் உருவம் தெரியலைன்னா பறவை நம்மளை சீக்கிரம் மறந்துரும். முதல் கால் மணி நேரம் எல்லாம் அந்தக் கரைக்குப் போயிருக்கும், அப்புறம் ஒவ்வொண்ணா மேய்ஞ்சுக்கிட்டே உங்க பக்கம் வரும்.

கோடியக்கரையில பாத்திருக்கீங்கன்னு சொன்னதால ஒண்ணு சொல்றேன். நம்மூர்ல உள்ளான் வகையை நாம பாக்கறது பெரும்பாலும் குளிர்காலத்துல, எல்லாம் ஒரே சாம்பலும் வெள்ளையுமா, எது எதுன்னு மண்டையைக் குடைஞ்சுக்கிட்டுப் பாக்கணும். ஏப்ரல்ல லேசா செவக்க ஆரம்பிக்கறப்போ கிளம்பிப் போயிரும். இங்க நீங்க பாக்கப்போறது கல்யாண உடுப்புல, வடக்க கூடு கட்டப் போற வழியில. வெஸ்டர்ன் சாண்ட்பைப்பர் உச்சந்தலையிலயும் கன்னத்துலயும் தோள் இறகுலயும் துரு நிறமா இருக்கும், அலாஸ்காவுக்குப் போற ஆளு. அவசெட்டோட தலை கழுத்து ரெண்டும் செம்பழுப்பு. டன்லின் வந்தா வயித்துல கறுப்புத் திட்டு. டவிச்சர் மொத்தமும் செங்கல் நிறம். குளிர்காலத்துல தலையைப் பிச்சுக்கற அடையாளம் எல்லாம் இந்த ரெண்டு மூணு வாரம் சுலபம்.

சின்ன உள்ளான்ல இங்க ரெண்டைப் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சா முக்காவாசி வேலை முடிஞ்சுது, லீஸ்ட் சாண்ட்பைப்பர், வெஸ்டர்ன் சாண்ட்பைப்பர். லீஸ்ட்டுக்கு மஞ்சளும் பச்சையும் கலந்த கால், உடம்பு கருப்பழுப்பு, கூன் போட்டுக்கிட்டு ஈரச்சேத்து ஓரத்துலயே மேயும். வெஸ்டர்னுக்குக் கறுப்புக் கால், மூக்கு நீளம், நுனி லேசா கீழ வளைஞ்சிருக்கும், தண்ணிக்குள்ள இறங்கி நிக்கும். காலுல சேறு அப்பிக்கிட்டா கலர் ஏமாத்தும், அப்ப அது எங்க நிக்குதுன்னு பாருங்க, சேத்துலயா தண்ணியிலயான்னு, பெரும்பாலும் அதுவே சொல்லிரும். இவங்களுக்கு நடுவுல பின்பக்கத்தை விடாம ஆட்டிக்கிட்டே கரையோரம் தனியா ஓடினா ஸ்பாட்டட் சாண்ட்பைப்பர்.

அடுத்தது ஃபெலரோப், இதுக்காகவே ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. ஏப்ரல் கடைசி மே முதல்ல வில்சன்ஸ் ஃபெலரோப் கூட்டம் இந்தக் குளங்கள்ல நின்னுட்டுப் போகும், தென் அமெரிக்காவுல ஆண்டிஸ் மலை உப்பு ஏரிங்க, அர்ஜென்டினான்னு அங்கருந்து வட அமெரிக்காவோட நடுப் புல்வெளிக்குப் போற வழி. உள்ளான் ஜாதிதான் ஆனா வாத்து மாதிரி நீந்தும். மத்து கடையற மாதிரி நின்ன இடத்துலயே கிறுகிறுன்னு சுத்தும், காலால தண்ணியை வெளிய தள்ளத் தள்ள நடுவுல கீழேருந்து தண்ணி மேல ஏறி வரும், அதோட சேந்து அடியில கிடக்கற பூச்சி, புழு, குட்டி இறால் எல்லாம் மேல வரும், சுத்திக்கிட்டே ஊசி மூக்கால ஒவ்வொண்ணா கொத்தும். அதுலயும் ஒரு வேடிக்கை, மூக்கு அவ்வளவு மெலிசு, உறிஞ்சவும் முடியாது, நாக்கால பெருசா தள்ளவும் வேண்டியதில்ல. நுனியில ஒட்டின தண்ணித் துளி, மூக்கைக் கொஞ்சம் கொஞ்சமா தொறந்து மூடத் தொறந்து மூட, படிப்படியா தானே வாய்க்குள்ள ஏறிரும், உள்ள இருக்கற பூச்சியோட. பரப்பு இழுவிசையை வச்சு இது எப்படி நடக்குதுன்னு எம்ஐடி பக்கத்து ஆராய்ச்சியாளருங்க 2008-ல விளக்கினாங்க. நல்ல வெளிச்சத்துல ஸ்கோப்ல பாத்தா மூக்கு துடிக்கிறது தெரியும். கூட்டத்துல பளிச்சுன்னு கழுத்துல கறுப்பும் செம்பழுப்புமா பட்டை ஓடறது பொம்பளை, மங்கலா இருக்கறது ஆம்பளை. முட்டை போட்டதும் பொம்பளை கிளம்பிரும், அடை காக்கறது குஞ்சு பாக்கறது எல்லாம் ஆம்பளை வேலை. கூடவே கொஞ்சம் சின்னதா, முதுகு கறுத்து, கழுத்து சிவந்து தெரிஞ்சா ரெட் நெக்டு ஃபெலரோப், அதையும் தேடுங்க.

ஆழமான குளத்துல இயர்டு க்ரீப் இருக்கும், முக்குளிப்பான்ல ஒண்ணு, ரத்தச் சிவப்புக் கண்ணு, காதுகிட்ட தங்கக் கலர்ல விசிறி. தண்ணியில ராஜா, தரையில நடக்கவே வராது, ஓடி எழும்பத் தண்ணிதான் வேணும். 2011 டிசம்பர்ல யூட்டால சீடர் சிட்டி ஊர்ல ஒரு பனிப்புயல் ராத்திரி, ஈரமா பளபளத்த பார்க்கிங் இடத்தையும் மைதானத்தையும் ஏரின்னு நெனச்சு ஆயிரக்கணக்குல இறங்கி அடிபட்டுச்சு, செத்தது போக மிச்சத்தை ஊர்க்காரங்க அள்ளிக்கிட்டுப் போய்த் தண்ணியில விட்டாங்க. பாலைவனத்துல தண்ணியைத் தேடி ராத்திரியில பறக்கறதுக்கு இப்படியும் ஒரு விலை இருக்கு. பெரிய சோலார் பேனல் பண்ணைகள்லயும் தண்ணிப் பறவை விழுந்து கிடக்கறதைப் பாத்துட்டு, அதையும் ஏரின்னு நெனைக்குதோன்னு ஆராய்ஞ்சுக்கிட்டிருக்காங்க.

நம்மூர்ல பாத்த மூஞ்சிங்களும் இருக்கும், தட்டைவாயன் வாத்து, ஊசிவால் வாத்து, வக்கா, விரால் அடிப்பான், இதெல்லாம் அதே இனம்தான், ரெண்டு வாத்தும் இந்நேரம் பாதி கிளம்பியிருக்கும். நாமக்கோழி மட்டும் இங்க வேற இனம், பாத்தா அதேதான்னு தோணும். அரிவாள் மூக்கன்ல வொயிட் ஃபேஸ்டு ஐபிஸ் பச்சையும் ஊதாவுமா மினுங்கிக்கிட்டு வரிசையா வந்து இறங்கும். நாணலுக்குள்ள டகடகன்னு தையல் மெஷின் சத்தம் போடறது மார்ஷ் ரென், விடிஞ்ச முதல் அரை மணி நேரத்துல காதைத் தீட்டி வச்சுக்கிட்டா சோரான்னு நாணலுக்குள்ள ஒளியற ஒரு பறவை குதிரை கனைக்கிறாப்ல கத்தறதும் கேக்கும், ஆள் வெளிய வரமாட்டாரு.

ஒன்பதரை ஆச்சுன்னா மூட்டையைக் கட்டுங்க. கார்ன் க்ரீக் நகரத்துக்கு வடமேற்குல 40 கிலோமீட்டர் போல, யுஎஸ் 95-ல போய்த் திரும்பணும். 1936-ல ஆரம்பிச்ச டெசர்ட் தேசிய வனவிலங்குப் புகலிடத்தோட வாசல் அது, புகலிடம் மொத்தம் 16 லட்சம் ஏக்கருக்கு மேல, அலாஸ்காவை விட்டுட்டுப் பாத்தா இந்த நாட்டுலயே பெருசு, உண்டாக்கினது கொம்பு பெருத்த மலை ஆட்டுக்காக. அத்தனை ஏக்கருக்கும் முன்னாடி ஒரு ஊத்து, சின்னக் குளம், ஓடை, பழைய பண்ணை இருந்ததால நட்டு வச்ச மரங்க. அவ்வளவுதான், ஒரு சுத்து நடந்தா சீக்கிரமே முடிஞ்சிரும், அதனாலதான் பல பேர் ஒரு சுத்து சுத்திட்டு "ஒண்ணுமில்லையே"ன்னு கிளம்பிடறாங்க.

இங்கயும் அதே பாடம்தான், ஓடை திறந்து தெரியற இடமா, தண்ணி மேல ஒரு கிளை தொங்கற இடமா பாத்து நிழல்ல உக்காந்துருங்க. நடுப்பகல்ல பறவை பாக்கறது வேஸ்ட்டுன்னு பொதுவா சொல்வாங்க, பாலைவனத்துல வெயில் ஏற ஏறத் தாகம் ஏறும், எல்லாம் தண்ணிக்கு வரும், பதினொண்ணு பன்னெண்டு மணிக்குக் கூட குளிக்க இறங்கும். வெஸ்டர்ன் டேனஜர், மஞ்ச உடம்பு செவந்த தலை, மேல உச்சியில பாத்தாக் கழுத்து வலிக்கற பறவை, இங்க முட்டி உயரத்துல வந்து தண்ணி குடிக்கும், குளிர்காத்து அடிக்கற நாள்னா தரையிலயே மேயும். லசூலி பண்டிங் நீலத்துல வரும், புல்லக்ஸ் ஓரியோல், பிளாக் ஹெடட் க்ரோஸ்பீக் வரும், வார்ப்ளர்ல வில்சன்ஸ், மெக்கில்வரேஸ், டவுன்சென்ட்ஸ், யெல்லோ, நாஷ்வில் இதெல்லாம் எதிர்பாக்கலாம். மெக்கில்வரேஸ் புதருக்கு அடியிலயே ஒளிஞ்சு திரியும், சாம்பல் முக்காடு, கண்ணுக்கு மேலயும் கீழயும் உடைஞ்ச வெள்ளை வளையம், அது வெளிய வர்ற வரைக்கும் பொறுமை வேணும், வரும். கிழக்குப் பக்கத்துப் பறவை ஏதாவது வழி தவறி வந்தாலும் இந்த மாதிரி இடத்துலதான் மாட்டும், அதுக்காகவே இங்க ஆட்கள் வருஷம் பூரா எட்டிப் பாத்துக்கிட்டிருப்பாங்க. ஆள் நிறைய நிக்கற மரத்தைப் பாத்தா போய் என்னன்னு கேளுங்க, கூச்சப்படாதீங்க, சொல்வாங்க.

எம்பிடோனாக்ஸ் ஈப்பிடிப்பான்னு ஒரு கோஷ்டி இருக்கு, எல்லாம் சாம்பல் பச்சை, பெரும்பாலானதுக்குக் கண் வளையம், இறக்கையில ரெண்டு கோடு. அதுல ஒண்ணை மட்டும் சுலபமா சொல்லலாம், க்ரே ஃப்ளைகேட்சர் வாலை மெதுவா கீழ இறக்கி அப்புறம் மேல கொண்டுவரும், மத்ததெல்லாம் வாலை வெடுக்குன்னு மேல உதறும். மிச்சத்தை ஈபேர்ட்ல, அதாவது பாத்த பறவையைப் பதிவு பண்ற ஆப்புல, "எம்பிடோனாக்ஸ், இனம் தெரியல"ன்னு போட்டுட்டுப் போங்க, அதுக்கு அந்த ஆப்புல இடமே இருக்கு, அனுபவசாலிங்களும் அப்படித்தான் போடறாங்க. மெர்லின் ஆப் சத்தத்தை வச்சுப் பேர் சொல்லும், உபயோகமானதுதான், எந்தப் பக்கம் திரும்பிப் பாக்கணும்னு தெரிஞ்சுக்கலாம், ஆனா இங்க மாக்கிங்பேர்ட் ஜாஸ்தி, அது ஊர்ல உள்ள எல்லாப் பறவை மாதிரியும் பாடும், ஆப் சொன்னதை எல்லாம் கண்ணால பாக்காம லிஸ்ட்ல ஏத்தாதீங்க. இன்னொண்ணு, ஸ்பீக்கர்ல பறவைச் சத்தம் போட்டுக் கூப்பிடற வேலை வேண்டவே வேண்டாம். ராத்திரி முழுக்கப் பறந்துட்டு வந்து காலி வயித்தோட இருக்கறதை உங்க ஃபோட்டோவுக்காக அலையவிட்டா அது மிச்சம் இருக்கற கொழுப்பையும் செலவு பண்ணும்.

தனியா வர்றதால சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கு. வசந்தம்னு பேருதான், சராசரியா 27, 28 டிகிரி போகும், சில நாள் 35 தொடும், ஆனா காத்துல ஈரமே இல்லாததால வேர்க்கறது தெரியாது, நம்மூர்ல சட்டை நனைஞ்சாத் தண்ணி குடிக்கணும்னு தோணும், இங்க அந்த அறிகுறியே வராது, தலை வலிக்க ஆரம்பிச்சப்புறம்தான் தெரியும். கார்ல நாலு லிட்டராவது இருக்கட்டும், தாகம் எடுக்காட்டியும் குடிங்க. உப்பு போட்ட ஏதாவது கூட வச்சுக்கங்க. பாம்புக்கு இது வெளிய வர்ற சீசன், ராட்டில் ஸ்னேக் பெரும்பாலும் தானா ஒதுங்கும், பைனாக்குலர் கண்ணுல வச்சுக்கிட்டே நடக்கற பழக்கம் இருந்தா விட்டுருங்க, நின்னு பாருங்க, அப்புறம் நடங்க, கல்லுக்கடியில கையை விடாதீங்க. ஹெண்டர்சன்ல ஃபோன் சிக்னல் பிரச்சனை இல்ல, நகரத்தை விட்டு வெளிய போகப் போக நம்ப முடியாது, மேப்பை முன்னாடியே டவுன்லோட் பண்ணிக்கங்க, எங்க போறேன் எத்தனை மணிக்குத் திரும்புவேன்னு ஒருத்தருக்காவது மெசேஜ் போட்டுட்டுப் போங்க. முக்கியமானது, வெள்ளையா உப்புப் பூத்து காஞ்சு கிடக்கற ஏரிப் படுகை எங்க பாத்தாலும் அது மேல கார் ஏத்தாதீங்க, மேல ஒரு இஞ்ச் ஓடுதான் காஞ்சிருக்கும், அடியில கொழகொழ சேறு, வாடகைக் கார் அங்க மாட்டினா இழுக்க வர்றவன் கேக்கற காசுக்கு இன்னொரு ட்ரிப்பே வரலாம்.

சாமான் பெருசா வேண்டாம். 8x42 பைனாக்குலர் ஒண்ணு, முடிஞ்சா ஸ்கோப், அது உள்ளானுக்கு மட்டும்தான், ஊர்லருந்து தூக்கிக்கிட்டு வர சிரமமா இருந்தா விட்டுருங்க, கரையில உக்காந்தா பறவை கிட்ட வரும்னு சொன்னேனே. அகலத் தொப்பி, முழுக்கைச் சட்டை, காலையில 12, 13 டிகிரிதான் இருக்கும்னு ஒரு ஜாக்கெட். மடக்கற முக்காலி ஒண்ணு கிடைச்சா அதை விட நல்ல முதலீடு இல்ல.

மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல காத்து கிளம்பும், வசந்தத்துல இந்தப் பக்கம் காத்து ஜாஸ்தி, கிளை எல்லாம் ஆடறப்போ குருவியைப் புடிக்க முடியாது. போய் ரூம்ல தூங்குங்க. தெம்பு இருந்தா சாயங்காலம் ஆறு மணி வாக்குல வெட்லேண்ட்ஸ் பார்க் போய் அந்த ஓடைக்கரையில நில்லுங்க, ஏழு இருபது ஏழரைக்கு சூரியன் மறையறப்போ லெஸ்ஸர் நைட்ஹாக் தண்ணிக்கு மேல தாழப் பறந்து பூச்சி புடிக்க வரும், நம்ம பக்கிக் குருவியோட சொந்தக்காரன்தான், இறக்கை நுனிகிட்ட வெளிறின பட்டை தெரியும். மூணாவது இடம் வேண்டாம்னு சொன்னேன்தான், இது பக்கத்துலயே இருக்கறதால சேத்தியில்ல.

பஹ்ரானகட், ஆஷ் மெடோஸ் ரெண்டும் நல்ல இடம், ஒவ்வொண்ணும் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல, ஒவ்வொண்ணுக்கும் தனி நாள் வேணும். அதுக்கும் மேல நேரம் கிடைச்சா கலிஃபோர்னியா பக்கம் ஓவன்ஸ் ஏரிக்குப் போங்கன்னுதான் சொல்லுவேன், டெத் வேலி வழியா நாலு மணி நேரம் கிட்ட ஆகும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் 1913-ல கால்வாய் வெட்டி அந்த ஏரிக்கு வந்துக்கிட்டிருந்த ஆத்துத் தண்ணியைக் கொண்டுபோச்சு, 1920-கள் நடுவுலயே ஏரி காஞ்சு போச்சு, அப்புறம் பல வருஷம் நாட்டுலயே மோசமான தூசி அங்கருந்துதான் கிளம்புச்சு, வழக்கு எல்லாம் நடந்து 2001-லருந்து தூசியை அடக்கறதுக்காகத் திரும்ப மெலிசா தண்ணி விட ஆரம்பிச்சாங்க. பறவைக்காக யாரும் விடல, ஆனா அந்த ஆழமில்லாத உப்புத் தண்ணியில ஈ மொச்சு, ஏப்ரல்ல உள்ளான் ஆயிரக்கணக்குல திரும்ப வந்துருச்சு. இதுக்கு நேர் எதிரான கதை தெற்குக் கலிஃபோர்னியாவுல இருக்கற சால்டன் சீ, 1905-ல கொலராடோ ஆத்துக் கால்வாய் உடைஞ்சு ரெண்டு வருஷம் தண்ணி பாஞ்சு உண்டான ஏரி, வயல் வடிகால் தண்ணியில பொழைச்சுக்கிட்டிருந்துச்சு, இப்ப வயல் தண்ணியை நகரத்துக்கு வித்து, ஈடுகட்ட விட்ட தண்ணியும் 2017-ஓட நின்னு, சுருங்கிக்கிட்டே வருது. உப்பு ஏறி மீன் குறைஞ்சதுல பெலிக்கன் எல்லாம் குறைஞ்சு போச்சு, உள்ளானுக்கு இன்னும் இடம் இருக்கு. அது உங்க ரூட்டுல வராது, தனி ட்ரிப்பாதான் போகணும்.

ஹெண்டர்சன் குளம் தொறக்கற நேரம் சீசனைப் பொறுத்து மாறும், சில நாள் லீவும் உண்டு, முந்தின நாள் ஒரு தடவை செக் பண்ணிக்கங்க. நீங்க போற நாள் லேட்டா தொறக்கறதா இருந்தா மட்டும் வரிசையை மாத்தி விடியறப்போ வெட்லேண்ட்ஸ் பார்க்ல ஆரம்பிங்க, கேட் தொறக்கற நேரத்துக்கு அங்கருந்து ஹெண்டர்சன் குளத்துக்கு வந்துரலாம், கிட்டத்தான்.